கூப்பிடு தூரத்துப் பெயர்

(கொடைக்கானலில் இளம் பெற்றோர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போன மாதம் வில்பட்டியிலிருந்து ஓர் இளம் தம்பதி என்னைப் பார்க்க வந்தார்கள். இரண்டு பேரும் என்னிடம் தமிழ் படித்தவர்கள். பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. "கண்ணகின்னு பேர் வைக்கலாம்னு இருக்கோம் டீச்சர். ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கு. ஆனா நாள் முழுக்க வீட்டுல கண்ணகி, கண்ணகின்னு கூப்பிட வருமா? செல்லமா என்ன வைக்கிறதுன்னு புடிபடல" என்றாள் அந்தப் பெண். அவள் மாமியாருக்கு வேறொரு கவலை. "அந்த மகராசி பட்ட பாட்டை எம் பேத்தியும் படணுமா?" என்று மகனிடம் சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டுமே மதித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். இன்றைக்கு நான் பேசப்போவது அந்தப் பதிலைத்தான்.

முதலில் அந்தப் பாட்டியின் கவலை. கண்ணகி என்றதும் நமக்கு மதுரையும் சிலம்பும் தீயும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்த மலைக்கே சொந்தமான ஒரு கண்ணகி இருக்கிறாள். நம் பழனி மலைப்பக்கத்தை ஆண்டவன் வையாவிக் கோப்பெரும்பேகன். ஆவியர் குடியில் வந்தவன். மலையடிவாரத்துத் திருஆவினன்குடி என்ற பெயரில் அந்த ஆவியர் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் அவனைத் தெரியும். அவன் மனைவி பெயரைக் கேட்டால் சொல்லத்தான் ஆளில்லை. அவள் பெயர் கண்ணகி.

மயிலுக்கு இரங்கியவன் மனைவியைப் பிரிந்து வேறொருத்தியோடு இருந்தான். புறநானூற்றில் 143 முதல் 147 வரை ஐந்து பாட்டுகள் இதைப் பற்றியவை. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள். பரிசில் வாங்கப் போகிறவர்கள் அரசனைப் புகழ்வதுதான் உலக வழக்கம். இவர்களோ பொன்னும் மணியும் வேண்டாம், தேரைப் பூட்டு, அந்தப் பெண்ணின் துயரத்தைத் தீர், அதுதான் நீ எங்களுக்குத் தரும் பரிசில் என்று ஒரு குறுநில மன்னனின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஒரு பெண்ணின் கண்ணீருக்காக நான்கு புலவர்கள் பரிசிலைத் தள்ளிவிட்டு நின்றது இந்த மண்ணில். அதனால் அந்தப் பாட்டியிடம் நான் சொல்வேன்: "அப்பத்தா, பேத்திக்கு வைக்கிற பேரு பாவப்பட்டவ பேரு இல்ல. நாலு பேரு நியாயம் கேட்ட பேரு."

இதில் ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த ஐந்து பாட்டுக்குள்ளும் அவள் பெயர் கிடையாது. பாட்டின் கீழே, யார் யாரைப் பாடியது என்று பதிவு செய்யும் கொளுவில்தான் கண்ணகி என்று வருகிறது. அந்த ஒரு வரிக் குறிப்பு இல்லாவிட்டால் அவளும் 'பேகன் மனைவி' என்ற அளவில் நின்றுபோயிருப்பாள். ஒரு பெண்ணின் பெயர் தப்பிப் பிழைப்பது நம் நாட்டில் அவ்வளவு எளிதாக இருந்ததில்லை. செல்லப்பெயரைப் பற்றிப் பேசும்போதும் எனக்கு இந்த நினைப்பே முன்னால் வருகிறது.

நம் வீடுகளில் கூப்பிடும் பெயர் என்று தனியாக ஒன்று எப்படி வந்தது? கொஞ்சுவதற்காக வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கொஞ்சலும் உண்டுதான். ஆனால் அதைவிட அழுத்தமான காரணம் ஒன்று உண்டு. பேரன், பேத்தி என்ற சொற்களையே பாருங்கள். பெயரன், பெயர்த்தி என்பவை மருவியவை. தாத்தா பாட்டியின் பெயரைத் தாங்குகிற பிள்ளைகள் என்று பொருள். முதல் பெண் பிள்ளைக்கு அப்பத்தாள் பெயரை வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். மருமகள் மாமியார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதும் இந்தப் பக்கத்து வழக்கமே. இரண்டு வழக்கமும் ஒரே வீட்டில், ஒரே தொட்டிலின் முன்னால் வந்து நிற்கும். பெற்றவள் என்ன செய்வாள்? பிள்ளையைக் கூப்பிட்டாக வேண்டும். சோறு ஊட்ட வேண்டும், சில நேரம் திட்டவும் வேண்டும். மாமியார் பெயரைச் சொல்லி, "ஏடி, இங்க வாடி" என்று எந்த மருமகள் சொல்வாள்? அதனால் பாப்பா வந்தது. அம்மு, தங்கம், ராசாத்தி, சின்னப்பொண்ணு, பட்டு எல்லாம் வந்தன.

என் அம்மா கடைசி வரைக்கும் என் பெயரை வாயால் சொன்னதே இல்லை. எனக்கு என் அப்பத்தா பெயர். அம்மாவுக்கு நான் என்றும் 'தாயி'. நான் ஆறேழு வயதில் காய்ச்சலில் கிடந்தபோது பழனிப் பக்கத்தில் ஒரு மருத்துவமனைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போனார். அப்பா உடன் இல்லை. சீட்டு எழுதுகிறவர் பிள்ளையின் பெயரைக் கேட்டார். அம்மா சுற்றும் முற்றும் பார்த்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "மலைமேல இருக்காரே, அவரு பொண்டாட்டி பேருங்க. மூத்தவ இல்ல, தெனைக்கொல்லை காத்தாளே, அவ பேரு" என்றார். எழுதுகிறவருக்கு உடனே புரிந்தது. உங்களுக்கும் இப்போது புரிந்திருக்கும். காய்ச்சல் கண்ணைக் கட்டிய நிலையிலும் அந்தக் குரல் எனக்கு நினைவிருக்கிறது. அம்மா பெயரைச் சொல்லாமலே அந்தப் பெயரின் கதை முழுவதையும் எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கட்டுப்பாடு இப்போது தளர்ந்துவிட்டது. தளர்ந்தது நல்லதுதான், ஒரு பெண்ணின் வாயைக் கட்டிய வழக்கத்துக்காக நான் வருந்தப் போவதில்லை. ஆனால் அந்தக் காலத்துச் செல்லப்பெயருக்கு ஒரு பொறுப்பு இருந்தது. பெரிய பெயரின் மரியாதை குறையாமல் அது காவல் காத்தது. வாடி போடி என்பதெல்லாம் சின்னப் பெயரின் மேலே விழும். பெரிய பெயர் பூசைமாடத்து விளக்கு மாதிரி அப்படியே இருக்கும். நாம் இன்று தேர்ந்தெடுக்கிற செல்லப்பெயரும் அந்தக் காவலைச் செய்ய வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இனி, எப்படித் தேர்ந்தெடுப்பது? இதற்குத் தொல்காப்பியர் வழி காட்டுகிறார். சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஓர் இயலையே எழுதியிருக்கிறார். எழுதும்போது இருக்கிற பெயர் கூப்பிடும்போது மாறும் என்பது தமிழின் இயல்பு. நம்பி என்பது நம்பீ என்றாகும், நங்கை நங்காய் ஆகும். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டால் பெயர் இயல்பாகவே நிற்கலாம். தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட்டால் ஓசை தன் அளவைத் தாண்டி நீளும் என்றும் அதில் விதி இருக்கிறது. அண்மை விளி, சேய்மை விளி என்று வகுப்பில் நான் இதை நடத்தும்போது பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஒருமுறை அவர்களைப் பூம்பாறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பூம்பாறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வயல், நடுவில் நெருக்கமாக வீடுகள். பூண்டு பிடுங்கும் பருவம். மேல் படியில் ஓர் அம்மா குனிந்து பூண்டைத் தட்டிக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். கீழே எட்டுப் பத்துப் படிகள் தள்ளி அவர் மகள், ஆட்டுக்குட்டி ஒன்றைத் துரத்திக்கொண்டு. மஞ்சு இறங்கி, பெண் கண்ணுக்கு மறைந்துவிட்டாள். அம்மா நிமிர்ந்தார், கையிலிருந்த மண்ணைக்கூடத் தட்டவில்லை. மகள் பெயரின் கடைசி எழுத்தை மட்டும் பிடித்து இழுத்து ஒரு குரல் கொடுத்தார். அந்த ஈகாரம் சரிவில் இறங்கிப் போய், கீழேயிருந்து "என்னாம்மா" என்று பதிலாக ஏறி வந்தது. பிள்ளைகளிடம், "இதுதான் சேய்மை விளி" என்றேன். அதற்குப் பிறகு அந்த நூற்பாவை யாருக்கும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே முதல் சோதனை குரலில்தான். நீங்கள் நினைத்திருக்கும் செல்லப்பெயரை ஏட்டில் எழுதிப் பார்க்காதீர்கள். வாசலில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள். முடிவில் உயிரெழுத்து ஓசை திறந்து நிற்க வேண்டும். நம் பாட்டிமார் இதைக் காதாலேயே அறிந்திருந்தார்கள். காமாட்சி காமு ஆனாள், அலமேலு அலமு, கோமதி கோமு, ருக்மணி ருக்கு, பார்வதி பாரு, சரஸ்வதி சரசு. எல்லாம் இரண்டு மூன்று எழுத்து, எல்லாம் நீட்டினால் நீளும். எல்லாவற்றிலும் பெரிய பெயரின் முதல் அசை அப்படியே இருக்கிறது. காமு என்றால் உள்ளே காமாட்சி இருக்கிறாள் என்று ஊருக்கே தெரியும். தெய்வத்துக்குக்கூட இப்படித்தான் செய்தார்கள். நாட்டரசன்கோட்டையில் கண்ணுடைய நாயகி என்று அம்மனுக்குப் பெரிய திருப்பெயர். ஊர் கூப்பிடுவது கண்ணாத்தா.

இந்தப் பூம்பாறைக் கோயிலிலேயே முருகனுக்குப் பெயர் குழந்தை வேலப்பர். ஒரே பெயரில் குழந்தையும் இருக்கிறது, அப்பாவும் இருக்கிறார். அன்பும் மதிப்பும் ஒன்றையொன்று தள்ளாமல் இருக்கும் பெயர். எனக்கு மிகவும் பிடித்த பெயர். பழனிக்கும் ஊரில் சொல்கிற கதை நமக்குத் தெரிந்ததுதானே. கனி கிடைக்கவில்லையென்று கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளையைச் சமாதானம் செய்ய, பெற்றவர்கள் பின்னாலேயே வந்து 'பழம் நீ' என்றார்கள், அதுவே ஊர்ப்பெயர் ஆயிற்று என்று. அகநானூறு சொல்லும் பொதினி என்ற பெயரே பழனி ஆனது என்பது அறிஞர் பலர் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஆனாலும் மக்கள் கட்டிய கதையை நான் தள்ள மாட்டேன். கோபித்துக்கொண்ட பிள்ளைக்குத் தாய் தகப்பன் சொன்ன கொஞ்சல் சொல்லை ஒரு மலைக்கே பெயராக எண்ணி மகிழ்கிற மக்கள் நாம்.

சரி, கண்ணகிக்கு வருவோம். அந்தத் தம்பதி சில பெயர்களைச் சொன்னார்கள். 'கண்ணு' என்று முதலில் நினைத்தார்களாம். நல்ல சொல்தான். ஆனால் பழனி, ஒட்டன்சத்திரம் பக்கமெல்லாம் எந்தப் பிள்ளையையும் "வா கண்ணு" என்றுதான் சொல்வோம். காய்கறி வாங்க வந்த பிள்ளையும் கண்ணு, பேருந்தில் இடம் விட்ட பிள்ளையும் கண்ணு. எல்லோருக்கும் பொதுவானது ஒருத்திக்குப் பெயராக நிற்காது. 'கண்ணி' என்றால் வலையும் பொறியும் நினைவுக்கு வரும். 'நகி', 'அகி' என்று நடுவில் வெட்டினால் பெயரின் உயிர் போய்விடும். இப்போது இது பெருகிவிட்டது. நாச்சியார் என்று அருமையாகப் பெயர் வைத்துவிட்டு 'நாச்' என்று கூப்பிடுகிறார்கள். மெய்யெழுத்தில் முட்டி நிற்கும் சொல் தமிழ்க் குரலுக்கு வாகாக இல்லை. பூம்பாறைச் சரிவில் அதைக் கூப்பிட்டால் இரண்டு படிகூட இறங்காது.

என் தீர்ப்பு 'கண்ணம்மா'. பாரதி தன் கண்ணன் பாட்டில் குழந்தையாகப் பார்த்த பெயர். பாரதியின் கண்ணம்மா கண்ணனிலிருந்து வந்தவள்; நம் வீட்டுக் கண்ணம்மா கண்ணகியிலிருந்து வரட்டும், தவறில்லை. முதல் அசை பெரிய பெயரிலிருந்து வருகிறது, முடிவில் ஆகாரம் திறந்து நிற்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. கைக்குழந்தையைக் கண்ணம்மா என்று சொல்லலாம், அறுபது வயதுத் தலைமையாசிரியையையும் அவர் அண்ணன் கண்ணம்மா என்று கூப்பிடலாம். இதுதான் இரண்டாவது சோதனை. குட்டி, பேபி, ஜில்லு என்பவை மூன்று வயதுக்கு அழகு. முப்பது வயதில் கூட்டத்துக்கு நடுவே யாராவது அப்படிக் கூப்பிட்டால் அவள் முகம் சுருங்கும்.

சில பெயர்களை நான் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்பேன். நிறத்தைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். உடம்பைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். கருப்பி, குண்டு, நெட்டை என்று வீட்டில் ஆசையாகத்தான் தொடங்கும். அதைத் தெரு எடுத்துக்கொள்ளும், பள்ளி எடுத்துக்கொள்ளும். பட்டப்பெயராகிவிட்டால் அது அவளுக்கு முன்னால் நடந்து போகும். நான் பாடம் நடத்திய ஆண்டுகளில், வீட்டில் கிடைத்த பெயரால் வகுப்பில் தலை குனிந்த பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றாவதும் நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததற்காகப் 'போதும்பொண்ணு' என்று பெயர் வாங்கியவர்களும் நம் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சுமந்து ஒரு பெண் வருகைப் பதிவுக்கு எழுந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

செல்லப்பெயர் பத்திரத்தில் ஏறிவிடுகிற ஆபத்தும் உண்டு. என் சின்னம்மாவைப் பள்ளியில் சேர்த்த அன்று, கூட்டிக்கொண்டு போனவர் 'பாப்பா' என்றே சொல்லிவிட்டார். பதிவேட்டில் அப்படியே ஏறியது. நிலப் பத்திரத்தில் மீனாட்சி, சான்றிதழில் பாப்பா. அறுபது வயதுக்கு மேல் ஓர் உதவித்தொகைக்காக, இருவரும் ஒருவரே என்று எழுதிக் கையெழுத்து வாங்க அலைந்தார். கடைசியில் அட்டையில் 'பாப்பா (எ) மீனாட்சி' என்று வந்தது. அவருக்குத் தன் சொந்தப் பெயர் அடைப்புக்குறியைத் தாண்டி இரண்டாவதாக நிற்பது கடைசி வரை வருத்தம்தான். பிறப்பைப் பதிவு செய்ய 21 நாள். பெயரில்லாமல் பதிந்திருந்தால் 12 மாதம் வரை கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வழியுண்டு. பெயருக்கான கட்டத்தில் முழுப் பெயரை, நீங்களே எழுத்துக்கூட்டிச் சொல்லி எழுத வையுங்கள்.

கூப்பிட்ட சொல் பெரிய பெயரை விழுங்கிய கதைகள் நம்மிடம் எத்தனையோ. காரைக்காலில் பிறந்தவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் புனிதவதி. சிவபெருமான் 'அம்மையே' என்று அழைத்த அந்த ஒரு விளி நிலைத்து, காரைக்கால் அம்மையார் ஆனார். இறைவன் அழைத்தது என்பதால் அந்தப் பெயருக்கு ஈடில்லை. ஆயினும் புனிதவதி என்ற அழகான பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இங்கே, நம் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு நாம் எல்லோரும் போகிறோம். 1936-இல் அதைக் கட்டியவர் யார் என்று கேட்டால் 'லேடி ராமநாதன்' என்பார்கள். வெள்ளைக்காரப் பெண்மணி அவர். இலங்கையின் சர் பொன்னம்பலம் ராமநாதனை மணந்து, சைவத்தை ஏற்று, லீலாவதி என்ற பெயரைத் தாமே ஏற்றுக்கொண்டவர். அந்தப் பெயர் நம் வாயில் நிற்கவில்லை. கணவர் பெயரும் பட்டமும்தான் நின்றன. அடுத்த முறை அந்தக் கோயில் வாசலில் நிற்கும்போது லீலாவதி என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

மாறாக, ஒரு நல்ல கதையும் உண்டு, பக்கத்து மதுரையில். 1916-இல் அனுமந்தராயன் கோயில் தெருவில் ஒரு பெண் பிறந்தாள். வீட்டில் அவளைக் குஞ்சம்மா என்று கூப்பிட்டார்கள். நெருங்கியவர்களுக்குக் கடைசி வரை அவர் குஞ்சம்மாதான். உலகத்துக்கோ அவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. குஞ்சம்மா என்ற பெயர் வீட்டுப் படியைத் தாண்டிப் போய்ப் பெரிய பெயரை மறைக்கவில்லை. உலகம் அவரைச் சுருக்கிக் கூப்பிட்ட 'எம்.எஸ்.' என்பதற்குள்ளும் என்ன இருக்கிறது தெரியுமா? எம் என்பது மதுரை. எஸ் என்பது சண்முகவடிவு, வீணை வாசித்த அவர் தாய். ஊரும் தாயும் அந்த இரண்டு எழுத்தில் இருக்கிறார்கள். இப்படி ஒரு சுருக்கம் அமைவது பெரும் பேறு.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். செல்லப்பெயர் வைத்ததும் பல வீடுகளில் பெரிய பெயர் பெட்டிக்குள் போய்விடுகிறது. பிறகு அது வெளியே வருவது கோபத்தில் மட்டும்தான். நாள் முழுக்கக் கண்ணம்மா, தப்பு செய்தால் மட்டும் "கண்ணகி!" இதனால் அந்தப் பிள்ளைக்குத் தன் பெயரே அடி விழும் ஓசையாகிவிடும். இந்தத் தவறை மட்டும் செய்யாதீர்கள். பிறந்த நாளில், பண்டிகையில், நல்ல மதிப்பெண் வாங்கி வந்த நாளில், காய்ச்சல் விட்டு எழுந்த காலையில், அந்தப் பெயரை முழுதாக, அன்பாகச் சொல்லுங்கள்.

வில்பட்டியில் வரும் வெள்ளிக்கிழமை பெயர் சூட்டுகிறார்கள். அத்தைக்காரி குழந்தையின் காதில் கண்ணகி என்று மூன்று முறை சொல்வாள். என்னையும் அழைத்திருக்கிறார்கள்; மாமியார் வெற்றிலை பாக்கு வைத்துத் தாமே வந்து அழைத்தார். நீங்கள் இன்று வீட்டுக்குப் போனதும், உங்கள் மகள் எந்த வயதினளாக இருந்தாலும், ஒரு முறை அவள் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். காரணம் ஏதும் வேண்டாம். சும்மா கூப்பிடுங்கள்.